சித்திரை வெயிலில் இலண்டன் மரதன்

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நடைபெற்ற இலண்டன் மரதன் ஓட்டம், 1981இல் இந்த ஓட்டம் ஆரம்பிக்கப்பட்ட நாள் தொட்டு அதுவரை நிகழ்ந்தவற்றுள் மிக வெப்பமானதாகப் பதிவாகியது. அன்று சென் ஜேம்ஸ் பூங்காவில் அளக்கப்பட்ட உச்ச வெப்பநிலை 24.1 பாகை செல்சியஸ். முன்னைய உச்சம் 1996இல் பதிவான 22.7 பாகை. நேர இலக்கைக் கைவிடுமாறும், மெதுவாக ஓடுமாறும், வேடிக்கை உடைகளைத் தவிர்க்குமாறும் அமைப்பாளர்கள் முன்னரே எச்சரித்திருந்தனர். மேலதிக நீரும் பனிக்கட்டியும் வழி நெடுகிலும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தன. அவ்வாறிருந்தும் சில நிலையங்களில் நீர்ப் போத்தல்கள் தீர்ந்துபோயின. அதே நாளில், 22.5 மைல் தூரத்தைக் கடந்திருந்த 29 வயது இளைஞர் ஒருவர் வீதியிலே சரிந்து வீழ்ந்து வைத்தியசாலையில் உயிர் நீத்தார்.

இருபத்துநான்கு பாகை! எம்மவர் வீடுகளில் இந்த எண்ணைக் கேட்டவர்கள் சிரித்திருக்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியற்காலையில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது இருக்கும் வெப்பநிலை அல்லவா அது? பங்குனி, சித்திரை வெயிலில் செருப்பின்றி நடந்து பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இலண்டன் வெயில் ஒரு வெயிலா? இந்தச் சிரிப்பையும், அதன் பின்னால் இருக்கும் நம்பிக்கையையும் பற்றியே இக்கட்டுரை பேச விரும்புகின்றது. ஏனெனில் ஈஸ்ற்ஹாமிலும் ஹரோவிலும் மிச்சத்திலும் எங்கள் பிள்ளைகள் காலையில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு ஓடப் புறப்படுகின்றனர். சில வீடுகளில் பிள்ளைகள் மட்டுமல்லர், ஐம்பதைத் தாண்டிய தந்தையரும் புறப்படுகின்றனர். அவர்களிற் பலர் எந்தக் கழகத்தையும் சேராதவர்கள், பயிற்றுநர் இல்லாதவர்கள், வேலை முடிந்த நேரத்தில் தாமாகவே பழகுபவர்கள்.

இலண்டன் மரதனில் இடம் கிடைப்பதே பெரும் பாடு. 2026ஆம் ஆண்டின் ஓட்டத்துக்கான குலுக்கலுக்கு 11 இலட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்திருந்தனர். குலுக்கலில் தவறியவர்கள் தொண்டு நிறுவனம் ஒன்றுக்காகப் பெருந்தொகை திரட்டித் தருவதாக உறுதியளித்து இடம் பெறுகின்றனர். இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற இடத்தை வெயில் என்ற ஒரே காரணத்துக்காக யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்? இடர் அங்கேயே தொடங்கிவிடுகின்றது.

ஏப்ரலில் ஓடவேண்டியவர் டிசம்பர் முடிவில் அல்லது ஜனவரித் தொடக்கத்தில் பயிற்சியை ஆரம்பிக்கின்றார். பதினாறு வாரம் என்பது வழக்கமான கணக்கு. வாரத்தில் மூன்று, நான்கு நாட்கள் சிறு தூரங்கள். ஞாயிறு தோறும் ஒரு நெடுந்தூரம். அந்த நெடுந்தூரம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போய், ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் 30, 32 கிலோமீற்றரைத் தொடும். பின்னர் உடலுக்கு ஓய்வு கொடுப்பதற்காகத் தூரம் குறைக்கப்படும். இத்தனையும் நிகழும் மாதங்களை எண்ணிப் பாருங்கள். தை, மாசி, பங்குனி. கையுறையும் கம்பளித் தொப்பியும் அணிந்து, வாயிலிருந்து புகை பறக்க, மூன்று பாகைக் குளிரில் கால்வாய்க்கரையில் ஓடிய ஓட்டங்கள். அந்த உடல் குளிரில் ஓடக் கற்றிருக்கின்றது. வெப்பத்தில் ஓட அதற்கு எவரும் கற்பிக்கவில்லை. ஏப்ரல் இறுதியில் திடீரென ஒரு நாள் வானம் வெளுத்து, காற்று நின்று, தார் வீதி சூடேறும்போது நான்கு மாதப் பயிற்சியின் பெரும்பகுதி கைகொடுக்காமற் போய்விடுகின்றது.

இலண்டனுக்கும் வெயிலுக்கும் மரதனில் உள்ள தொடர்பு நூறாண்டுகளைத் தாண்டியது. மரதனின் இன்றைய தூரமாகிய 42.195 கிலோமீற்றர், அதாவது 26 மைல் 385 யார், முதன்முதலில் ஓடப்பட்டது 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில். விண்சர் மாளிகையிலிருந்து வைற் சிற்றி விளையாட்டரங்கு வரை அந்த ஓட்டம் நடைபெற்றது. ஜூலை 24ஆம் திகதி, வெக்கை மிகுந்த பிற்பகல். ஓடத் தொடங்கியோர் 55 பேர். முடித்தோர் 27 பேர். அரங்கினுள் முதலாவதாக நுழைந்த இத்தாலியர் டொராண்டோ பியெத்ரி திசை தெரியாது மறுபக்கம் திரும்பினார், விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். அலுவலர்கள் கைகொடுத்து அவரை எல்லைக்கோட்டைக் கடக்கச் செய்தனர். உதவி பெற்றமையால் வெற்றி பறிக்கப்பட்டு அமெரிக்கரான ஜோன் ஹேய்ஸுக்கு வழங்கப்பட்டது. மறுநாள் இராணி அலெக்சாண்ட்ரா பியெத்ரிக்கு ஒரு கிண்ணம் பரிசளித்தார். அந்தக் கதையை இரக்கக் கதையாகவே ஆங்கிலேயர் சொல்லி வந்திருக்கின்றனர். எனினும் திசை மறந்து திரும்பிய அந்த மனிதரின் நிலையைக் கவனித்தால், வெப்பத்தில் ஓடும் ஒருவரின் மூளைக்கு என்ன நிகழ்கின்றது என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சி வேறில்லை.

என்னதான் நிகழ்கின்றது? 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் ஏறத்தாழ 700 கிலோகலோரி சக்தியைச் செலவிடுகின்றார். அதில் ஐந்திலொரு பங்கு அல்லது நாலிலொரு பங்கே கால்களை நகர்த்துகின்றது. எஞ்சிய 500 கிலோகலோரிக்கு மேற்பட்ட சக்தி முழுவதும் வெப்பமாக உடலுக்குள் சேர்கின்றது. குளிர்காலத்தில் காற்றே அதை வாங்கிச் சென்றுவிடும். வெயிலில் வியர்வை ஒன்றே வழி. ஒரு லீற்றர் வியர்வை தோலிலிருந்து ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறுகின்றது. ஆவியாக வேண்டும் என்பதே இங்கு முக்கியம். நாடியிலிருந்து சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயன் எதுவுமில்லை. ஈரப்பதன் கூடிய நாளில் பெரும்பகுதி அவ்வாறுதான் வீணாகின்றது. இதற்கிடையில் தோலுக்கும் குருதி வேண்டும், தசைக்கும் குருதி வேண்டும். இரண்டு வீட்டுக்கும் ஒரு கிணறு. இருதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கின்றது. அதனாற்றான் குளிரில் இலகுவாக ஓடிய அதே வேகம் வெயிலில் மூச்சுத் திணற வைக்கின்றது.

வியர்வையின் மதிப்பை அறியாமையால் உயிர் கொடுத்த ஒருவரும் உண்டு. 1912 ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக் மரதனில் போர்த்துக்கல் நாட்டு ஓட்டவீரர் பிரான்சிஸ்கோ லாசரோ, வெயில் சுடாதிருக்க உடலெங்கும் மெழுகு பூசிக்கொண்டு ஓடியதாகச் சொல்லப்படுகின்றது. தோல் அடைபட்டது. வழியில் விழுந்த அவர் மறுநாள் இறந்தார். இன்று எவரும் மெழுகு பூசுவதில்லை. ஆனால் தடித்த பருத்தி மேற்சட்டையும் தலையை இறுக மூடும் தொப்பியுமாக வெயிலில் ஓடுபவர்களைக் காணும்போது லாசரோவின் நினைவு வராமல் இல்லை.

இனி எங்கள் சிரிப்புக்கு வருவோம். வெப்பத்துக்கு உடல் பழகும் என்பது உண்மை. நாள்தோறும் வெப்பத்தில் உழைப்பவரின் உடல் 10 முதல் 14 நாட்களுக்குள் மாறிவிடுகின்றது. குருதியின் நீர்ப்பகுதி கூடுகின்றது. வியர்வை விரைவிலேயே சுரக்கத் தொடங்குகின்றது, கூடுதலாகச் சுரக்கின்றது, அதிலுள்ள உப்பு குறைகின்றது. இருதயத் துடிப்புத் தணிகின்றது. இந்த இசைவாக்கம் தமிழருக்கு மட்டும் உரிய வரமன்று. நோர்வேக்காரருக்கும் இரண்டு வாரத்தில் வாய்க்கும். அதேபோல், வெப்பத்தை விட்டு விலகிய சில வாரங்களிலேயே அது கரைந்தும் போய்விடும். பிறந்த ஊர் எது, தோலின் நிறம் எது என்று உடல் கணக்கு வைத்திருப்பதில்லை. சென்ற மாதம் எங்கே இருந்தாய் என்பதையே அது கேட்கின்றது. இருபது ஆண்டுகளாகக் குளிரூட்டிய களஞ்சியசாலையிலும் சூடேற்றிய வீட்டிலும் வாழ்ந்த ஒருவர், கட்டுநாயக்காவில் இறங்கிய முதல் வாரம் எப்படித் தவித்தார் என்பதை அவரது மனைவியைக் கேட்டால் தெரியும்.

இன்னொன்றையும் நாம் மறந்துவிட்டோம். ஊரில் எம் முன்னோர் வெயிலை வென்றது உடல் வலுவினால் மட்டுமன்று. நேரம் பார்த்து உழைத்ததனாலும்தான். துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்தவர்கள் விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்தனர். மத்தியானம் வேப்பமர நிழலில் பாய் விரித்தனர். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கான மரதனும் ஆண்டின் முதலாந் தவணையில், காலை வேளையிலேயே ஓடப்பட்டது. வீட்டுப் படலைகளில் வாளியில் நீருடன் பெண்கள் காத்து நின்றனர். சென்னை மரதன் இன்றும் ஜனவரியிலேயே நடக்கின்றது; முழுத் தூரம் ஓடுபவர்கள் அதிகாலை 4 மணி இருளிலேயே புறப்பட்டுவிடுகின்றனர். 2019இல் கத்தாரின் டோஹா நகரில் உலக மெய்வல்லுநர் போட்டியின் பெண்கள் மரதனை நள்ளிரவில் வைத்தும் தொடக்கத்தில் வெப்பம் 32 பாகையைத் தாண்டியிருந்தது. 68 பேரில் 28 பேர் முடிக்காமல் விலகினர்.

இலண்டனிலோ ஓட்டம் முற்பகல் 9.30 மணிக்குப் பின்னரே அலை அலையாகத் தொடங்குகின்றது. கடைசி அலை புறப்படும்போது 11 மணி கடந்துவிடும். 2018இல் முதலிடம் பெற்ற கென்யரான எலியுட் கிப்சோகே 2 மணி 4 நிமிடம் 17 செக்கனில் முடித்தார். மூன்றாமிடம் பெற்ற மோ பராவுக்கு 2 மணி 6 நிமிடம் 21 செக்கன் பிடித்தது. சிறுவனாக இன்னொருவர் பெயரில் இந்நாட்டுக்குக் கடத்தி வரப்பட்டவர் தாம் என்பதை 2022இல் வெளிப்படுத்திய அதே மோ பராதான். அவர்கள் இருவரும் ஓடி முடித்து நிழலுக்குப் போன வேளையில்தான் எம் போன்றவர்களுக்கு வெயில் உச்சிக்கு வருகின்றது. ஐந்து, ஆறு மணித்தியாலம் ஓடுபவர் பிற்பகல் மூன்று, நான்கு மணி வரை தார் வீதியிலே இருக்கின்றார். அதுவும் நெருக்கமான கூட்டத்தின் நடுவே, காற்றுப் படாமல். பரிஸ், இலண்டன், பேர்ளின், பொஸ்ரன், சிக்காகோ, நியூயோர்க் ஆகிய ஆறு நகர மரதன்களில் 2001 முதல் 2010 வரை ஓடிய 17 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் நேரங்களைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, ஓட்டத்துக்கு உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 4 பாகைக்கும் 10 பாகைக்கும் இடைப்பட்டது எனக் கண்டனர். அதாவது 24 பாகை என்பது நடப்பதற்கு இனிய நாள். மரதன் ஓடுவதற்கு அன்று.

ஆகவே பழகுபவர் செய்யத்தக்கது என்ன? முதலாவது, கடைசி இரண்டு மூன்று வாரங்களைப் பயன்படுத்துவது. வழமையாக விடியற்காலையில் ஓடுபவர், அந்நாட்களில் சில சிறு ஓட்டங்களை வெயில் உள்ள மதிய வேளைக்கு மாற்றலாம். வெயிலே இல்லையாயின் மேலதிகமாக ஓர் உடை அணிந்து மெதுவாக ஓடலாம். வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஆறு நாட்கள் ஓட்டப் பயிற்சி முடித்தவுடன் 40 பாகைச் சுடுநீரில் 40 நிமிடம் வரை அமிழ்ந்திருப்பதே உடலை வெப்பத்துக்கு ஓரளவு பழக்கிவிடுகின்றது எனக் காட்டியது. செலவில்லாத வழி. ஐந்து குடும்பங்கள் ஒரு குளியலறையைப் பகிரும் விடுதியில் இருப்பவர் இதை வாசித்துப் பெருமூச்சு விடுவார் என்பதையும் அறிவோம். அவருக்கு மதிய ஓட்டமே போதும். இருதய நோயோ குருதி அமுக்கமோ உள்ளவர் சுடுநீர்ப் பரிசோதனையில் இறங்கவே கூடாது.

இரண்டாவது, வேகத்தைக் குறைப்பது. இதை முதல் மைலிலேயே செய்யவேண்டும். பாதித் தூரத்தின் பின் குறைப்பவர் தாமாகக் குறைப்பதில்லை. உடல் அவரை இழுத்து நிறுத்துகின்றது. கைக்கடிகாரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஓடுபவருடன் ஒரு வசனம் முழுமையாகப் பேச முடிகின்ற வேகத்தில் ஓடுவதே அன்றைய தினத்துக்குப் போதுமானது.

மூன்றாவது நீர். இதைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். எம் தாய்மார் மிக எளிதாகத் தவறு விடக்கூடிய இடம் இது. வெயில் என்றவுடன் "தண்ணியைக் குடி, தண்ணியைக் குடி" என்பதே எமது மருத்துவம். 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதியும் இலண்டன் மரதன் வெப்பமான நாளிலேயே நடந்தது. 22 வயதான, உடற்பயிற்சியையே தொழிலாகக் கொண்ட இளைஞர் ஒருவர் ஓட்டத்தை முடித்தபின் சரிந்து, மறுநாள் இறந்தார். காரணம் நீரின்மையன்று; நீர் மிகுதி. அளவுக்கு மீறி நீர் அருந்தியதனால் குருதியிலுள்ள சோடியம் ஐதாகி, மூளை வீங்கிவிட்டது. 2002 பொஸ்ரன் மரதனில் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது அவர்களில் 13 வீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஓடியவர்களும், ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுமே அதிகம் பாதிக்கப்பட்டனர். மெதுவாக ஓடுபவருக்கு வியர்வை குறைவு. நீர் நிலையத்தில் நின்று குடிக்க நேரமோ அதிகம்.

தாகத்துக்கு அருந்துங்கள் என்பதே இன்றைய வைத்தியர்களின் பொதுவான அறிவுரை. பயிற்சி நாட்களில் ஓடுமுன்னும் ஓடிய பின்னும் எடை பார்த்தால் எவ்வளவு வியர்வை போகின்றது என்பது விளங்கிவிடும். எடை குறைந்திருப்பது இயல்பு; கூடியிருந்தால் குடித்தது அதிகம். கடையில் விற்கும் வர்ணப் பானத்துக்குப் பதிலாக, உப்பும் சீனியும் இட்ட தேசிக்காய்த் தண்ணீரும் நல்லதே. ஆனால் எதையும் பயிற்சியின்போது வயிற்றுக்குப் பழக்கிப் பார்த்த பின்னரே ஓட்ட நாளில் அருந்தவேண்டும். தலைக்கும் கழுத்துக்கும் நீர் ஊற்றிக்கொள்வதற்கு அளவில்லை.

எம்மவருக்கென்று தனியாகச் சொல்லவேண்டியதும் உண்டு. தெற்காசியரிடையே நீரிழிவும் இருதய நோயும் இந்நாட்டு வெள்ளையரைவிட இளவயதிலேயே தலைகாட்டுகின்றன. நாற்பது வயதைத் தாண்டியபின் முதன்முறையாக ஓட முடிவெடுப்பவர், தமது குடும்ப வைத்தியரிடம் ஒருமுறை போய்வருவது கௌரவக் குறைவன்று. சிறுநீரைப் பெருக்கும் குளிசையும், இருதயத் துடிப்பைத் தணிக்கும் குளிசையும் வெப்பத்தை உடல் கையாளும் விதத்தை மாற்றிவிடும். முழங்கால் நோவுக்கென்று ஓட்டத்துக்கு முன் ஐபியூபுறொபென் விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கேடு. இரவு முழுவதும் எரிபொருள் நிலையத்தில் விழித்திருந்துவிட்டுக் காலையில் 25 கிலோமீற்றர் ஓடுவதும் வீரமன்று. வேலையில் இடமாற்றம் கேட்க முடியாதவர் நெடுந்தூரத்தை வேறு நாளுக்கு மாற்றலாம். வாரத்தின் நெடுந்தூரம் ஞாயிற்றுக்கிழமைதான் ஓடப்படவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

மரதனை அடையாதவர்களும், வேலை செய்ய அனுமதி இன்றி நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் தஞ்சக் கோரிக்கையாளர்களும் சனிக்கிழமைக் காலை 9 மணிக்கு அருகிலுள்ள பூங்காவுக்குப் போகலாம். 2004 ஒக்டோபரில் புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கிய பார்க்றன் இன்று நாடெங்கும் நடைபெறுகின்றது. 5 கிலோமீற்றர், கட்டணம் இல்லை, நடந்தும் முடிக்கலாம்.

பருவமும் முன்போல் இல்லை. பெருந்தொற்றின் காரணமாக 2020 முதல் 2022 வரை இலண்டன் மரதன் ஒக்டோபருக்கு மாற்றப்பட்டது. 2022 ஒக்டோபர் 2ஆம் திகதி ஓடியவர்கள் பயிற்சி எடுத்த கோடையில்தான், ஜூலை 19ஆம் திகதி, லிங்கன்ஷயரின் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவாகியது. இந்நாட்டில் வெப்பம் 40 பாகையைத் தாண்டியது அதுவே முதன்முறை. அக்கோடையில் விடியுமுன் எழுந்து ஓடி முடித்தவர்கள் தப்பினர். துலா மிதித்தவர்களின் நேரக்கணக்கை இலண்டன்வாசிகள் அன்று கற்றுக்கொண்டனர் எனலாம். ஏப்ரலுக்கு மீண்ட பின்னும் 2025 ஏப்ரல் 27ஆம் திகதி மீண்டும் வெயில் எரித்தது. அன்று 56,640 பேர் ஓடி முடித்தனர். உலகில் எந்த மரதனிலும் அதுவரை அத்தனை பேர் முடித்ததில்லை.

ஓடுபவரை விட வீதியோரம் நிற்பவர்களுக்கே கடைசியாகச் சொல்லவேண்டியது உண்டு. கிழக்கு இலண்டனில் தி ஹைவே என்றொரு வீதி இருக்கின்றது. ஓட்டக்காரர்கள் 13ஆம் மைலைக் கடந்ததும் அவ்வீதியால் கிழக்கே போவார்கள்; கனறி வார்வைச் சுற்றிக்கொண்டு 22ஆம் மைலில் அதே வீதியின் மறுபக்கத்தால் மேற்கே திரும்பி வருவார்கள். ஒரே இடத்தில் நின்று இருமுறை காணலாம் என்பதால் குடும்பத்தினர் அங்கு கூடுவர். முதல் முறை மகன் கையசைத்துக்கொண்டு போவான். இரண்டாம் முறை வரும்போது அவனது முகத்தைக் கூர்ந்து பாருங்கள். களைப்பு இயல்பு; கால் நோவும் இயல்பு. ஆனால் தள்ளாடுகின்றானா, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமற் போகின்றானா, சம்பந்தமில்லாமற் பேசுகின்றானா, காரணமின்றிக் கோபிக்கின்றானா என்று கவனியுங்கள். உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டும்போது முதலில் தடுமாறுவது அறிவு. அந்த நிலையில் உள்ளவர் தமக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். அவரது சொல்லை நம்பக்கூடாது. "இன்னும் நாலு மைல்தான், ஓடு ராசா" என்று உற்சாகப்படுத்தும் வேளை அதுவன்று. அவனை நிறுத்தி, நிழலில் இருத்தி, சென் ஜோன் அம்புலன்ஸ் தொண்டர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் வழி நெடுகிலும் நிற்பார்கள். அவர்கள் வந்து சேரும்வரை கையிலுள்ள குளிர்நீர் முழுவதையும் தலையிலும் கழுத்திலும் மார்பிலும் ஊற்றி, கிடைத்ததைக் கொண்டு விசிறுங்கள். நினைவு தடுமாறியிருப்பவரின் வாயில் நீரைப் புகட்ட வேண்டாம்.